மூன்றாவது பக்கம் இல்லாத அட்டை

அட்டைக்கு இரண்டே பக்கம்தான் இருந்தது. புகார் சார் அதைத் திருப்பிப் பார்த்தார். மறுபடி திருப்பிப் பார்த்தார். நடுவில் ஏதாவது ஒட்டியிருக்குமோ என்று விளிம்பை நகத்தால் நெருடியும் பார்த்தார். ஒரு பக்கம் மஞ்சள், அதில் ‘பிஸி’ என்று இருந்தது. மறு பக்கம் சிவப்பு, அதில் ‘ஹெக்டிக்’ என்று இருந்தது. சும்மா உட்கார்ந்திருப்பவன் எந்தப் பக்கத்தை வைப்பது என்பதற்கு அட்டையில் இடமே இல்லை.

அவர் சும்மாதான் உட்கார்ந்திருந்தார். அன்றைக்கு மட்டுமல்ல, நாலு மாதமாக.

அது ஒரு பூட்டுக் கம்பெனியின் கிளை அலுவலகம். வாடிக்கையாளர்கள் எழுதும் புகார்க் கடிதங்களைப் படித்து, ‘மிகவும் வருந்துகிறோம்’ என்று பதில் போடுவது அவர் வேலை. பதினாறு வருடமாக வருந்தி வருந்தி, முகமே அந்த வாக்கில் உறைந்துவிட்டது. பாஸ்போர்ட் படம் எடுக்கப் போனால், “யாரு சார் தவறிட்டாங்க?” என்று போட்டோக்காரர் மெல்லக் கேட்பார். இப்போது அந்த வருத்தத்துக்கும் தேவை இல்லாமல் போய்விட்டது. பூட்டு விற்றால்தானே புகார் வரும்?

மேனேஜர் இரண்டு நாள் டிரெயினிங் போய் வந்திருந்தார். போகும்போது வெறும் கையோடு போனவர், வரும்போது ஒரு தடித்த ஃபைலோடும் கட்டுக்கட்டாக அட்டைகளோடும் வந்தார். வந்ததும் எல்லோரையும் கூப்பிட்டு நிற்க வைத்தார்.

“இத்தனை வருஷமா நீங்க எல்லாரும் பிஸின்னு சொல்லிக்கிட்டு இருந்தீங்க. நானும் நம்பிக்கிட்டு இருந்தேன். பிஸிக்கும் ஹெக்டிக்குக்கும் என்ன வித்தியாசம்? யாராவது சொல்லுங்க.”

பதிலையும் அவரே சொன்னார்.

“பிஸின்னா கையில வேலை இருக்குன்னு அர்த்தம். ஹெக்டிக்னா வேலையோட கையில நாம இருக்கோம்னு அர்த்தம். பிஸியா இருக்கறவன் மூச்சு விடுவான். ஹெக்டிக்கா இருக்கறவனுக்கு மூச்சு தானா வந்து போகும். அதைக் கவனிக்க அவனுக்கு நேரம் இருக்காது.”

தபால் அனுப்பும் பிரிவில் ஒருவர் இருந்தார், அலுவலகத்தில் அவரைத் தபால்காரர் என்பார்கள். அந்த அலுவலகத்தில் ஆங்கிலம் உண்மையிலேயே தெரிந்தவர் அவர் ஒருவர்தான். அவருடைய கெட்ட நேரம், கையைத் தூக்கினார்.

“சார், ஒரு சின்னச் சந்தேகம். ஹெக்டிக்னு ஒரு நாளைத்தான் சொல்லுவாங்க. இன்னைக்கு வேலை ஹெக்டிக்கா இருந்துச்சுன்னு சொல்லலாம். ஆளைப் பார்த்து நீ ஹெக்டிக்னு சொல்றதில்ல. ஆளுக்குப் பிஸிதான் சார்.”

மேனேஜர் அவரைக் கனிவோடு பார்த்தார். டிரெயினிங்கில் அந்தக் கனிவையும் சொல்லிக் கொடுத்திருந்தார்கள்.

“பாருங்க, இதையெல்லாம் யோசிக்க உங்களுக்கு நேரம் இருக்கு.”

தபால்காரரின் மேஜையில் மஞ்சள் பக்கம் தெரியும்படி அட்டையைத் தன் கையாலேயே வைத்தார். அதோடு இலக்கண விவாதம் முடிந்தது.

பிறகு சட்டதிட்டங்களை வாசித்தார். சிவப்பு வைத்த மேஜையை யாரும் நெருங்கக் கூடாது. பேசக் கூடாது, போன் கொடுக்கக் கூடாது, காகிதம் வைக்கக் கூடாது. வருகிற தபாலெல்லாம் காத்திருப்பு டிராயரில் இருக்கும். மேஜை மஞ்சளானால் அந்த மணி நேரத்திலேயே கையில் கொடுத்துக் கையெழுத்து வாங்க வேண்டும். லீவு கேட்க வேண்டுமென்றால் மஞ்சளில் இருந்துதான் கேட்கலாம், ஹெக்டிக்காக இருப்பவனுக்கு லீவு ஏது? கடைசியாக, மாத முடிவில் யார் யார் எத்தனை நாள் மஞ்சள் என்று கணக்கெடுத்துத் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பப்படும்.

“எதுக்கு சார்?” என்றார் ஒருவர்.

“உபரி யாருன்னு பார்க்க.”

கூட்டம் கலைந்தது. ஒரு நிமிஷத்தில் அலுவலகம் முழுக்கச் சிவப்பாகிவிட்டது, தபால்காரரைத் தவிர. மேனேஜர் தன் சிவப்பு அட்டையை ஒரு கயிற்றில் கோத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டார். அவரிடம் யாரும் எங்கேயும் பேச முடியாதபடி ஏற்பாடு.

உபரி என்ற சொல் புகார் சாருக்காகவே செய்ததுபோல் இருந்தது. வேலை போனால் வேறு வேலை தேடிக்கொள்ளலாம். ஆனால் இன்னும் நாற்பது நாளைக்குப் போகக் கூடாது.

நாற்பதாம் நாள் அவர் மனைவிக்கு ஆபரேஷன்.

வயிற்றில் கட்டி. டாக்டர் தேதி கொடுத்துவிட்டார். “இதுக்கு மேல தள்ளிப் போட்டா நான் பொறுப்பில்ல” என்றும் சொல்லிவிட்டார். ஆஸ்பத்திரிச் செலவு முழுக்கக் கம்பெனியுடையது. அதற்கு ஒரே நிபந்தனை, சேர்க்கிற நாளில் புகார் சார் கம்பெனி ஊழியராக இருக்க வேண்டும். அவரே நேரில் வந்து, ஊழியர் கார்டைக் காட்டி, கையெழுத்துப் போட வேண்டும்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது மனைவி தையல் மெஷினில் உட்கார்ந்திருந்தாள். பள்ளிக்கூடச் சீருடைகள். வயிற்றுக்கும் மெஷினுக்கும் நடுவே ஒரு தலையணையை அணைவாக வைத்திருந்தாள். அவர் அட்டை விவகாரத்தைச் சொல்லச் சொல்ல அவள் காலும் மிதித்துக்கொண்டே இருந்தது.

“அப்ப நான் யாருங்க? பிஸியா, ஹெக்டிக்கா?”

“நீ…” அவர் யோசித்தார். “உனக்கு அட்டை இல்லையே.”

“அதான பார்த்தேன்.” நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். “உங்க மேனேஜர் சொல்றது எனக்குப் புரியலைங்க. எனக்குப் புரிஞ்ச வரைக்கும், வேலை இருந்தா பிஸி. வேலை போயிடுமோன்னு பயம் இருந்தா ஹெக்டிக்.”

அகராதி எழுதுகிறவர்கள் யாரும் அந்தப் பக்கம் வராததால் அந்த விளக்கம் வீணாகப் போயிற்று.

“ஆபரேஷன் அன்னைக்கு லீவு தருவாங்களா?”

“அதுக்கு மஞ்சளுக்கு மாறணும். மாறினா உபரின்னு எழுதிடுவாங்க.”

“சொல்லாம கொள்ளாம ஒரு நாள் வராம இருந்துட்டா என்ன? தலையையா வாங்கிடுவாங்க?”

“சேச்சே, அதெல்லாம் முறையில்ல.” பதினாறு வருடத்தில் அவர் சொல்லாமல் லீவு போட்டதே இல்லை. ஜுரத்தில் படுத்த நாளில்கூட, ‘ஜுரத்துக்கு மிகவும் வருந்துகிறோம்’ என்று பழக்கதோஷத்தில் எழுதி அனுப்பியவர்.

சிவப்பு அட்டையை வைத்துவிட்டால் மட்டும் போதாது என்பது இரண்டாம் நாளே தெரிந்துவிட்டது. மேனேஜர் நாளுக்கு ஒருமுறை, சரியாக மூன்று மணிக்கு, கழுத்தில் அட்டை ஆட வெளியே வருவார். சிவப்பு மேஜைகளின் மேல் என்ன இருக்கிறது என்று தள்ளி நின்று எட்டிப் பார்ப்பார். புகார் சாரின் மேஜையில் ஒரு பேனாவும் ஒரு தம்ளரும் இருந்தன.

மறுநாள் புகார் சார் ஒரு காரியம் செய்தார். இடது கையால் ஒரு கடிதம் எழுதினார்.

‘ஐயா, உங்கள் பூட்டு பூட்டுகிறது. ஆனால் திறக்க மாட்டேன் என்கிறது.’

நாலு மாதத்துக்குப் பிறகு மேஜையில் ஒரு புகார் கிடப்பதைப் பார்க்கக் கண்ணுக்கு நிறைவாக இருந்தது. பத்து நிமிஷம் கழித்துப் பச்சை மையில் இன்னொன்று எழுதினார்.

‘ஐயா, உங்கள் பூட்டு நன்றாகத் திறக்கிறது. பூட்டத்தான் மாட்டேன் என்கிறது.’

வாரக் கடைசிக்குள் கை பழகிவிட்டது. ‘எங்கள் வீட்டுப் பூட்டைப் பக்கத்து வீட்டுச் சாவி திறக்கிறது. அதனால் பக்கத்து வீட்டுக்காரரோடு பேச்சுவார்த்தை இல்லை’ என்று ஒரு ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர் வருத்தப்பட்டார். ‘பூட்டு மட்டும் இருக்கிறது, கதவைக் காணோம், இதற்கு உங்கள் பதில் என்ன’ என்று ஒரு விதவைத் தாயார் கேட்டார். புகார் சார் ஒவ்வொன்றுக்கும் மனமுருகிப் பதில் எழுதினார். வருகிற காகிதமும் போகிற காகிதமும் சேர்ந்து மேஜை குட்டிச்சுவர் உயரத்துக்கு எழும்பியது.

மேனேஜர் மூன்று மணிக்கு வந்து எட்டிப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

“இதுதான்! இதுக்குப் பேருதான் ஹெக்டிக்!”

மறுநாள் காலை புகார் சாருக்கு ஒரு உதவியாளர் நியமிக்கப்பட்டார்.

பேக்கிங் பிரிவிலிருந்து வந்த அந்த மனிதருக்கு ரிட்டயராக ஒரு வருடம் பாக்கி. எதற்கெடுத்தாலும் அடிவயிற்றிலிருந்து ஒன்று விடுவார். அதனால் அலுவலகம் முழுக்க அவரைப் பெருமூச்சு என்றே கூப்பிட்டார்கள். வந்த அன்றே இருபத்திரண்டு புகார்களையும் ஒரு வரி விடாமல் படித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“பாவம் சார். எத்தனை பேரு வீட்டுக்கு வெளியில நிக்கறாங்க.”

“ஆமா, பாவம்தான்.”

“வருந்துகிறோம்னு எழுதினா போதுமா சார்? வருத்தத்தை வெச்சுக் கதவைத் திறக்க முடியுமா?”

அவர் சொன்னதில் தப்பு எதுவும் இல்லை. அதுதான் பயமாக இருந்தது. பெருமூச்சு கிடங்குக்குப் போய், விற்காமல் கிடந்த பூட்டுகளில் இருபத்திரண்டை எடுத்து, பழைய தொழில் நேர்த்தியோடு பார்சல் கட்டி, அன்றைய தபாலிலேயே அனுப்பிவிட்டார்.

ஐந்தாம் நாள் இருபத்திரண்டும் திரும்பி வந்தன. அப்படி ஒரு தெருவே இல்லை என்று எல்லாவற்றின் மேலும் முத்திரை.

“என்ன சார் இது? தெருவோடவா காணாம போயிட்டாங்க?”

“வீடு மாறியிருப்பாங்க.”

“இருபத்திரண்டு பேரும்?”

“பூட்டு சரியில்லைன்னா யாரு அந்த வீட்டுல இருப்பாங்க?” என்றார் புகார் சார். தன் வாயிலிருந்து இப்படியெல்லாம் வருகிறதே என்று அவருக்கே ஆச்சரியம்.

இனிமேல் புகார்களுக்கு உண்மையான விலாசம் தேவைப்பட்டது. அவருக்குத் தெரிந்த உண்மையான விலாசங்கள் கொஞ்சம்தான். மனைவியின் அண்ணன் வீடும் அதில் ஒன்று. ஒரு வாரம் கழித்து அந்த அண்ணன் புகார் சாரின் வீட்டுக்குப் போன் செய்தார். அலுவலகத்தில் சிவப்பு மேஜைக்குப் போன் தர மாட்டார்களே.

“ஏங்க, எங்கண்ணன். உங்ககிட்ட ஏதோ பேசணுமாம். குரல் ஒரு மாதிரி இருக்கு.”

அவர் வாங்கிக்கொண்டார். “சொல்லுங்க மச்சான்.”

“மாப்ள, நான் உங்களுக்கு என்ன குறை வெச்சேன்? எதுக்கு எங்க வீட்டுக்குப் பதினோரு பூட்டு?”

“அது… ஒரு அன்பளிப்பு மச்சான். கம்பெனியில குடுத்தாங்க.”

“எங்க வீட்டுல கதவே நாலுதான் மாப்ள.”

“மிச்சத்தை வெச்சுக்குங்க, பின்னால உதவும்.”

“அதுல ஒண்ணைத்தான் வாசல்ல போட்டுப் பார்த்தேன். பூட்டிக்கிச்சு, திறக்க மாட்டேங்குது. மாடிப்படியில உட்கார்ந்துதான் பேசிக்கிட்டிருக்கேன். பக்கத்து வீட்டுல சுத்தியல் வாங்கப் போயிருக்காங்க. இதுக்கு யாருகிட்ட புகார் பண்ணணும்?”

புகார் சார் கண்ணை மூடிக்கொண்டார். தங்கையின் உடம்பு எப்படியிருக்கிறது என்று கேட்கவும் மறந்து மச்சான் போனை வைத்தார். நாலு மாதத்தில் வந்த முதல் நிஜப் புகார் அது.

அதற்குள் மேனேஜர் மாத அறிக்கையைத் தயாரித்துவிட்டார். அதில் புகார்ப் பிரிவுக்கென்று தனியாக ஒரு வரைபடம் போட்டிருந்தார். தரையோடு தரையாகப் போய்க்கொண்டிருந்த ஒரு கோடு, மாதக் கடைசியில் காகிதத்தை விட்டே வெளியே ஏறியது. ‘இந்தக் கிளை எவ்வளவு ஹெக்டிக்காக இயங்குகிறது என்பதற்கு இதுவே சான்று’ என்று அடியில் எழுதித் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பினார்.

இருபத்திரண்டாம் நாள், தபால்காரர் வேலையை விட்டுப் போனார்.

காலைத் தபால் வந்து அரைமணி நேரம் ஆகியிருக்கும். டீ கொடுப்பதிலிருந்து தபால் பிரிப்பது வரை எல்லாம் பார்க்கும் அம்மாளை அங்கே அக்கா என்பார்கள். அக்கா, தபால்காரரின் மஞ்சள் மேஜைக்குப் போய் ஒரு பழுப்பு உறையைக் கொடுத்துக் கையெழுத்து வாங்கினார். அவர் பிரித்துப் படித்தார். இன்னொரு முறை படித்தார். அக்காவிடம் தணிந்த குரலில் ஏதோ சொன்னார். குடையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

வாசல் பக்கம் போனவர் நின்று, புகார் சாரைத் திரும்பிப் பார்த்தார். சிவப்பு அட்டையைச் சுட்டிக் காட்டினார். பிறகு உள்ளங்கையைக் கீழ்நோக்கி இரண்டு தடவை அமர்த்திக் காட்டினார். புகார் சார் எழுந்து நின்று கும்பிட்டு விடைகொடுத்தார். தபால்காரர் தலையில் அடித்துக்கொண்டு போய்விட்டார்.

“பார்த்தீங்களா சார்?” பெருமூச்சு அன்றைக்கு விட்டது சாதாரணமானதல்ல, மேஜையில் இருந்த காகிதமே பறந்தது. “மூணு வாரம் மஞ்சள்ல இருந்தாரு. சீட்டைக் கிழிச்சுட்டாங்க.”

அக்கா காத்திருப்பு டிராயரை முழங்காலால் உந்தி மூடினார். சிவப்பு மேஜைகளின் தபால் சேர்ந்து சேர்ந்து அது மூட வராத அளவுக்கு நிறைந்திருந்தது. அதன் மேல் கம்பெனியின் பூட்டு ஒன்றையும் புதிதாக மாட்டினார்.

அன்றையிலிருந்து புகார் சாருக்குத் தூக்கம் போயிற்று. லீவு கேட்க மஞ்சளுக்கு மாறியே ஆக வேண்டும். மஞ்சளுக்கு மாறினால் என்ன ஆகும் என்பதைக் கண்ணாலேயே பார்த்தாயிற்று. மாதத்தில் ஒரே ஒரு நாள் மஞ்சள் என்றால் மன்னிப்பார்களா? ஒரு மணி நேரம் என்றால்?

இரண்டு நாள் கழித்துத் துணிந்தார். காலையில் யாரும் வருவதற்கு முன்னால் அட்டையை மஞ்சளுக்குத் திருப்பினார். முகத்தில் தண்ணீர் தெளித்துக்கொண்டு வரலாம் என்று குழாயடிக்குப் போனார். திரும்பி வந்தால் அட்டை சிவப்பாக இருந்தது.

நான்தான் திருப்பவில்லையோ என்று நினைத்துக்கொண்டார். மறுபடி திருப்ப மனம் வரவில்லை.

அடுத்த வாரம் இன்னொரு முறை. இந்தத் தடவை திருப்பினேன் என்று ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். கிடங்குக்குப் போய் வருவதற்குள் சிவப்பு. பையிலிருந்த காகிதம் மட்டும் மஞ்சள் என்றது.

“யோவ், நீதானே திருப்பினே?” என்று பெருமூச்சைப் பிடித்துக்கொண்டார்.

“சிவப்பு மேஜையை நான் தொடுவேனா சார்? தள்ளித்தானே உட்கார்ந்திருக்கேன், பாருங்க.” உண்மைதான். சட்டத்தை மதித்து, அவர் தன் நாற்காலியைச் சுவரோரம் போட்டு, உதவி என்று ஏதாவது வேண்டுமானால் புகார் சாரை மேஜையிலிருந்தே கத்திச் சொல்லச் சொல்லியிருந்தார்.

அக்காவின் போக்கும் சரியில்லை. முன்பெல்லாம் டீயைத் தூரத்திலிருந்து நீட்டும்போது சிரிப்பார். இப்போது முறைத்தார். ஒரு நாள் தண்ணீர்க் குடத்தோடு வந்தவர் நின்று அவரையே பார்த்தார். கையால் ஏதோ சைகை காட்டினார். கிட்டே வர ஒரு அடி எடுத்து வைத்தார்.

“சிவப்பு! சிவப்பு!” என்று அறைக்குள்ளிருந்து மேனேஜர் கத்தினார். அக்கா பின்வாங்கினார்.

“என்னக்கா? தம்ளரா வேணும்?” என்று புகார் சார் தம்ளரைத் தூக்கிக் காட்டினார்.

அக்கா பல்லைக் கடித்தார். “ஒண்ணுமில்ல சார். உங்களுக்கு மஞ்சள் எடுக்கவே எடுக்காது. சிவப்புதான் உங்க முகத்துக்கு நல்லாருக்கு. அவ்வளவுதான் சொல்லுவேன்.”

வயதான காலத்தில் இந்த அம்மாளுக்கு எதற்கு இந்தக் கேலி என்று அவர் வருந்தினார். வருந்துவது அவருக்குச் சிரமமில்லை. வெளியில் நிறுத்திக் கேட்கலாம் என்றால், அக்கா நாலு மணிக்கே பஸ் பிடிக்க ஓடிவிடுவார். ஹெக்டிக்காக இருப்பவர்கள் ஏழு மணிக்கு முன்னால் எழுந்திருக்கக் கூடாது.

வீட்டில் மனைவி சீருடைகளை முடித்துக் கட்டி வைத்துவிட்டாள். ஆஸ்பத்திரிக்கு ஒரு சின்னப் பையும் தயாராக இருந்தது. இரண்டு புடவை, ஒரு துண்டு, சோப்பு டப்பா. அந்தப் பை கதவோரம் உட்கார்ந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தது.

“லீவு கேட்டீங்களா?”

“கேட்கணும்.”

“நாளன்னிக்குக் காலையில எட்டு மணிக்கு அங்க இருக்கணும்.”

“தெரியும்.”

“வலி இப்பல்லாம் விட்டு விட்டு வரலைங்க. வந்தது இருந்துக்கிட்டே இருக்கு.” அவள் அதைப் புகாராகச் சொல்லவில்லை. நாளைக்குத் தண்ணீர் வராது என்பதுபோலச் சொன்னாள். “நான் வேணா ஒண்ணு சொல்லட்டுமா? சொல்லாம கொள்ளாம…”

“முறைன்னு ஒண்ணு இருக்கில்ல?”

அவள் தலையணையை வயிற்றோடு அழுத்திக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிப் படுத்தாள்.

முப்பத்தொன்பதாம் நாள். புகார் சார் அட்டையை மஞ்சளுக்குத் திருப்பினார். திருப்பிய கையை எடுக்கவில்லை. சாப்பிடப் போகவில்லை. குழாயடிக்குப் போகவில்லை. காலையிலிருந்து மூன்று மணி வரை, ஓடிப்போகப் பார்க்கும் கோழியைப் பிடிப்பதுபோல அட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அக்கா நாலு தடவை அந்தப் பக்கம் வந்து, நாலு தடவையும் அவர் கையைப் பார்த்துவிட்டு, மேனேஜர் காதில் விழுமோ என்று வாய் திறக்காமல் திரும்பிப் போனார். ஐந்தாம் தடவை, “சார், கையை எடுங்க, மேஜையைத் துடைக்கணும்” என்றார்.

“வேணாம்க்கா. அழுக்காவே இருக்கட்டும்.”

“சார், சொன்னா கேளுங்க. உள்ள…”

அறைக் கதவு திறந்தது. மேனேஜர் வந்துவிட்டார். கழுத்தில் சிவப்பு.

“சார்!” என்று எழுந்தார் புகார் சார்.

அலுவலகமே நடுங்கிற்று. சிவப்பிடம் பேசிவிட்டார்! மேனேஜர் மஞ்சள் அட்டையைப் பார்த்தார். அதைப் பிடித்திருந்த கைகளைப் பார்த்தார்.

“நீங்களா? நம்ம கிளையிலேயே ரொம்ப ஹெக்டிக்கான ஆளு நீங்கதானே?”

“ஒரு நாள் லீவு வேணும் சார். நாளைக்கு. வீட்டுல ஆபரேஷன்.”

மேனேஜர் யோசித்தார். அவர் மோசமான மனிதர் இல்லை. டிரெயினிங்குக்கு முன்னால் எல்லோரிடமும் வீட்டில் சௌக்கியமா என்று கேட்கிறவர்தான். அந்தப் பழைய மனிதர் ஒரு நிமிஷம் எட்டிப் பார்த்தார்.

“முறையா மஞ்சளுக்கு வந்து கேட்டீங்க பாருங்க, அது எனக்குப் பிடிச்சிருக்கு.” விண்ணப்பத்தில் அங்கேயே கையெழுத்துப் போட்டார். “ஒரு நாள். மறுநாள் டாண்ணு ஒன்பதுக்கு வந்துடணும். உங்களை மாதிரி ஆளு இல்லாம இந்தக் கிளை ஓடாது.”

புகார் சாருக்குக் கண்ணில் நீர் முட்டியது. பதினாறு வருடத்தில் முதல் தடவையாக முகம் வேறு வாக்குக்குத் திரும்பியது. பார்த்த பெருமூச்சுக்கு மூச்சே வரவில்லை.

“நன்றி சார்.”

“இருங்க. மஞ்சளுக்கு வந்தா நிலுவையில இருக்கற தபாலை வாங்கிக்கணும். சட்டம். அக்கா, இவருக்கு என்ன இருக்கு?”

“ஒண்ணும் இல்ல சார்.”

“டிராயரைத் திறந்து பாருங்க.”

“சாவி எங்கயோ விழுந்துடுச்சு சார். நாளன்னிக்குத் தேடி எடுத்துத் தந்துடறேன்.”

“பூட்டுக் கம்பெனியில சாவி இல்லைன்னா வெளியில சிரிக்க மாட்டாங்க?” என்று மேனேஜர் பூட்டைப் பிடித்து லேசாக அசைத்தார். பூட்டு அவர் கையோடு வந்துவிட்டது. அவர் அதை ஒரு கணம் பார்த்துவிட்டுச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

டிராயர் நிறையப் பழுப்பு உறைகள், எல்லாம் ஒரே அளவு. மேலாக இருந்ததில் மேனேஜரின் பதவி டைப் அடித்திருந்தது.

“இது எனக்கு வந்ததா? இருக்கட்டும், இருக்கட்டும். நான் சிவப்பு.” அதை ஓரமாக ஒதுக்கிவிட்டு, இரண்டாவதை எடுத்தார். “இந்தாங்க, உங்களோடது. பதினெட்டு நாளாக் கிடக்கு. கையெழுத்துப் போடுங்க. நேரமும் போடுங்க.”

மூன்று பத்து என்று நேரம் போட்டுக் கையெழுத்திட்டார் புகார் சார். மேனேஜர் அட்டை ஆட அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

உறையைப் பிரித்தார்.

‘கடந்த மாதத்தில் தங்கள் கிளைக்கு வந்துள்ள புகார்களின் எண்ணிக்கையைக் கண்டு இயக்குநர்கள் அதிர்ச்சியடைந்துள்ளனர். இத்தகைய பூட்டுகளைத் தொடர்ந்து விற்பது கம்பெனியின் நற்பெயருக்கு உகந்ததல்ல என்பதால், கிளை முழுவதுமாக மூடப்படுகிறது. இக்கடிதத்தைத் தாங்கள் நேரில் பெற்றுக் கையெழுத்திடும் நேரத்திலிருந்து தங்கள் பணியும், மருத்துவ வசதி உள்ளிட்ட சலுகைகளும் முடிவுக்கு வருகின்றன. மிகவும் வருந்துகிறோம்.’

கடைசி வரி அவர் எழுதுகிற பாணியிலேயே இருந்தது. அதை இரண்டு முறை படித்தார். ஒரு கையில் அந்தக் கடிதம், மறு கையில் கையெழுத்தான லீவு விண்ணப்பம். மேஜையில் மஞ்சள்.

இப்போது நெருங்கலாம் என்பதால் அக்கா கிட்டே வந்து நின்றார். முந்தானையால் வாயைப் பொத்தியிருந்தார். அதை விலக்கிவிட்டுச் சொன்னார்.

“பதினெட்டு நாளா இதை உங்க கையில குடுக்காம இருக்கணும்னுதானே சார், நீங்க அந்தப் பக்கம் போறப்பெல்லாம் ஓடி வந்து சிவப்பாத் திருப்பி வெச்சேன்… நாளைக்கு ஒரே ஒரு நாள், சொல்லாம கொள்ளாம ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கக் கூடாதா?”